கணவர் வெளிநாட்டுக் குடிமகன்: மனைவிக்கு எந்தச் சட்டம் துணை?

புது தில்லி: 1989-இல் திருமணம் முடிந்ததும், அமெரிக்காவில் பணியாற்றி வந்த கணவர் அங்கு திரும்பிச் சென்றார். விரைவில் தானும் புறப்பட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் மனைவி தனது ஆசிரியைப் பணியை ராஜிநாமா செய்தார். விசாவை எதிர்பார்த்திருந்தவரைத் தேடி வந்தது, திருமணத்தை ரத்து செய்யக் கோரி அமெரிக்க நீதிமன்றத்தில் கணவர் தாக்கல் செய்த மனு.

அந்தப் பெண்ணின் வழக்கில் 1994-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மத்திய அரசுக்குச் சில யோசனைகளை முன்வைத்தது. இந்தியாவில் நடைபெற்ற இத்தகைய திருமணத்தை வெளிநாட்டு நீதிமன்றம் ரத்து செய்ய இயலாதவாறு சட்டம் இயற்றலாம். கணவருக்கு இங்கும் வெளிநாட்டிலும் உள்ள சொத்துகளிலிருந்து மனைவிக்கு ஜீவனாம்சம் கிடைக்க வழி செய்யலாம் என்பவை அவற்றில் முக்கியமானவை. முப்பது ஆண்டுகள் கடந்தும் அப்படியொரு சட்டம் நிறைவேறவில்லை.

இரு வகை மாப்பிள்ளைகள்

"வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் அவர்கள் இரு வகையினர். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஒருவர். அந்நாட்டுக் குடியுரிமையையே பெற்றுவிட்டவர் மற்றவர். முதல் வகையினரின் கடவுச்சீட்டை, நீதிமன்றப் பிடியாணை போன்ற காரணங்கள் இருந்தால், 1967-ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின்கீழ் இந்திய அரசால் முடக்க முடியும். வேறு நாடு வழங்கிய கடவுச்சீட்டின் மீது இந்திய அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை.

அதேவேளையில், கணவரின் குடியுரிமையை நம்பிச் செல்லும் பெண்ணின் நிலை தொடக்கத்தில் மிகவும் பலவீனமானது. அமெரிக்கக் குடிமகனை மணந்து, திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடைவதற்கு முன் அங்கு குடியேறுபவருக்கு முதலில் கிடைப்பது இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனையுடன் கூடிய "கிரீன் கார்டு" மட்டுமே. அந்த நிபந்தனையை நீக்க, கணவனும் மனைவியும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். கொடுமைக்கு ஆளானவர் கணவரின் கையெழுத்து இன்றியே விண்ணப்பிக்க விதிவிலக்கு உண்டு. பிரிட்டனிலும் குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட மனைவி தனியாக நிரந்தரக் குடியிருப்பு கோரலாம். ஆனால், விமானம் ஏறும் பெண்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

மாநிலங்களவையில் நின்ற மசோதா

நாடாளுமன்றம் இதை அறியாமல் இல்லை. வெளிநாடுவாழ் கணவர்களால் கைவிடப்பட்ட பெண்களின் அவலம் குறித்து, மகளிர் அதிகாரமளித்தலுக்கான நாடாளுமன்றக் குழு 2007-லேயே அறிக்கை அளித்தது. இத்தகைய புகார்களை ஒருங்கிணைக்க, தேசிய மகளிர் ஆணையத்தில் 2009-இல் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், 2019 பிப்ரவரி 11-ஆம் தேதி மாநிலங்களவையில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதாவை அறிமுகம் செய்தார். திருமணத்தை 30 நாள்களுக்குள் பதிவு செய்யத் தவறினால் கடவுச்சீட்டை முடக்கலாம். நேரில் வழங்க முடியாத நீதிமன்ற அழைப்பாணையை வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளியிட்டே சார்பு செய்யலாம் என்றது மசோதா. அதை ஆராய்ந்த நிலைக்குழு 2020 மார்ச்சில் அறிக்கை அளித்தது. அதன் பிறகும் மசோதா சட்டமாகவில்லை. அது திருத்த முனைந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் வழக்கொழிந்து, புதிய சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

மசோதாவின் பெரிய குறை அதன் விளக்கப் பிரிவிலேயே இருந்தது. வெளிநாட்டில் வசிக்கும் "இந்தியக் குடிமகன்" மட்டுமே வெளிநாடுவாழ் இந்தியர் என்றது அது. அமெரிக்க, கனடா, பிரிட்டன் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளை இந்த வரையறைக்குள் வரவே மாட்டார்.

இக்குறையைச் சுட்டிக்காட்டியது சட்ட ஆணையம். 2024 பிப்ரவரியில் அளித்த 287-ஆவது அறிக்கையில், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, இந்தியாவுக்கு வந்து செல்ல ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களையும் உள்ளடக்கிய விரிவான சட்டம் தேவை என அது பரிந்துரைத்தது. திருமணப் பதிவு கட்டாயமாக்கப்பட வேண்டும். தம்பதியரின் கடவுச்சீட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் திருமணப் பதிவு எண்ணைக் குறிக்க வேண்டும். விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவையும் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பன அதன் பிற பரிந்துரைகள்.

இப்போது இருக்கும் பாதுகாப்பு

புதிய சட்டம் வரும்வரை பெண்ணுக்கு வழியே இல்லை என்பதல்ல. எந்தச் சட்டத்தின்கீழ் திருமணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்தின் அடிப்படையில் அல்லாமல் வெளிநாட்டு நீதிமன்றம் வழங்கும் விவாகரத்து பொதுவாக இங்கு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டால் நிலைமை மாறும். ஆகவே, வெளிநாட்டிலிருந்து வரும் நீதிமன்றக் காகிதத்தில் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

கைவிடப்பட்ட பெண்களின் சட்டச் செலவுக்காக இந்தியத் தூதரகங்கள் மூலம் அளிக்கப்படும் உதவி, 2016-இல் வழக்கு ஒன்றுக்கு 4 ஆயிரம் டாலர் வரை என உயர்த்தப்பட்டது. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, தமிழகத்திலும் 2009-இல் கட்டாயப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவுச் சான்றிதழின் நகலும், மாப்பிள்ளையின் கடவுச்சீட்டு, முகவரி, வேலை பற்றிய ஆவணங்களின் நகல்களும் பெண்ணின் பெற்றோர் வசம் இருப்பது அவசியம். நகை எத்தனை பவுன் என்பதை எழுதி வைக்கும் குடும்பங்கள் இதையும் எழுதி வைக்கலாம்.

வெளிநாட்டுக் குடிமகனை மணந்து செல்லும் பெண், மணமான அன்றே இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெறும்வரை அவர் இந்நாட்டின் குடிமகள். அவரைக் காக்கும் பொறுப்பும் இந்நாட்டுக்கே உரியது. 1994-இல் நீதிமன்றம் சொன்னதை, 2024-இல் சட்ட ஆணையம் மீண்டும் சொல்லியிருக்கிறது. இனிச் சொல்ல வேண்டியது நாடாளுமன்றம்தான்.