காரைத் தாழ்த்துமுன் கணக்குப் பாருங்கள்

கடைக்கும் வீட்டுக்கும் தினமும் ஓடும் காரைத் தாழ்த்த வேண்டுமென்று மகன் பிடிவாதம் பிடித்தான். செலவு குறைவு என்று நானும் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டச் சம்மதித்தேன். ஒவ்வொரு குழியிலும் இடுப்பு நொந்தது. சில மாதங்களில் டயர்களின் உட்பக்கம் தேய்ந்துபோனது. மலிவென்று நினைத்தது இரட்டைச் செலவாக முடிந்தது.

வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது, ஆபத்தும் உண்டு. உங்கள் காரின் மொடலுக்கென்றே செய்த லோவரிங் ஸ்பிரிங்கை வாங்குங்கள். 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை தாழ்த்தினால் போதும். அதிகம் தாழ்த்தினால் ஷொக் அப்சோபர் அசைய இடமின்றி ரப்பர் தடுப்பில் மோதும். உலுப்பலுக்குக் காரணம் அதுவே. பழைய ஷொக் அப்சோபர் தளர்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். பின்னர் வீல் எலைன்மென்ட் கட்டாயம் செய்யுங்கள். மெல்லிய டயர் போட்டால் சொகுசு மேலும் குறையும்.

டிக்கி நிறையச் சரக்கு ஏற்றும் வியாபாரிகளுக்கு, தாழ்த்தாமல் விடுவதே இலாபம். மற்றவர்கள் ஸ்பிரிங்கின் விலையை மட்டும் கேட்காமல், ஷொக் அப்சோபர், கூலி, எலைன்மென்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே கராஜுக்குப் போங்கள்.