அம்பர் மணிக்குள் ஒரு பூச்சி



'அம்பர்' என்றதும் அத்தரோடு சேர்த்துப் பேசப்படும் வாசனைப் பொருளே உங்கள் நினைவுக்கு வரும். அது திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது. நாம் இங்கு பேசப்போவது வேறோர் அம்பர். மத்திய கிழக்கிலிருந்து வருவோர் கொண்டுவரும் தேன்நிறத் தஸ்பீஹ் மணிகளைக் கண்டிருப்பீர்கள். அறபியில் இதனைக் 'கஹ்ரமான்' என்பர். இது கல்லல்ல, மரத்தின் பிசின்.

முருங்கைப் பட்டையில் பிசின் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே பழங்காலத்துக் காடுகளில் வழிந்த பிசின் மண்ணுள் புதைந்து இறுகியதே அம்பர். ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில் கிடைப்பது 3 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்ட எறும்பும் கொசுவும் சிலந்தியும் மயிர்க்கால் கூடக் கலையாமல் இன்றும் உள்ளே இருக்கின்றன. தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர்களில் அத்தியாயங்களைக் கொண்ட வேதத்தை ஓதும் நமக்கு இச்சிற்றுயிர்கள் அற்பமானவையா? சிந்தித்துப் பாருங்கள்.

பூச்சி தெரிய வேண்டுமானால்

நிலத்திலிருந்து எடுக்கும் அம்பரின் மேற்பகுதி கறுத்து, சொரசொரப்பாக இருக்கும். முதலில் அதனைத் துப்புரவாக்க வேண்டும். பூச்சியைத் தொடாமல் ஓரிரு மில்லிமீற்றர் இடம் விட்டு மெல்லிய வாளால் அறுப்பார்கள். பின்னர் மரவேலையாட்கள் பாவிப்பது போன்ற, ஆனால் தண்ணீரில் நனைக்கக் கூடிய சாண்ட் பேப்பரில் தேய்ப்பார்கள். 400 இலக்கத் தாளில் தொடங்கி 800, 1200, 2000 என்று மென்மையான தாள்களுக்குப் போவார்கள். இறுதியில் துணியால் மெருகேற்றுவார்கள்.

தேய்க்கும்போது அம்பர் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்தால் சூடேறும், சூடேறினால் வெடிக்கும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது. ஒரு கணம் கை தவறினால் பூச்சியின் காலே போய்விடும்.

படம் பிடிப்பது எப்படி?

மெருகேற்றிய பின்னும் சிறு கீறல்களும் வளைவுகளும் ஒளியைச் சிதறடிக்கும். எனவே அம்பரின் மேல் ஒரு துளி கிளிசரின் விட்டு மெல்லிய கண்ணாடியால் மூடுவார்கள். கெட்டியான சீனிப்பாணியில் அமிழ்த்துவோரும் உண்டு. பாணி கீறல்களை நிரப்புவதால் உள்ளே தெளிவாகத் தெரியும்.

நுணுக்குக்காட்டியில் பூச்சியின் முதுகு தெளிவாகத் தெரிந்தால் கால்கள் மங்கும். ஆகவே மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளைக் கணனி மூலம் ஒரே படமாக இணைக்கிறார்கள். வெளிச்சம் நேராக விழுந்தால் கண்ணைக் கூசும் பளபளப்பே பதிவாகும். வெள்ளைத் தாளினூடாக விழுந்தால் அது மென்மையாகப் பரவும்.

அறிஞரையும் ஏமாற்றிய ஈ

லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் அம்பருக்குள் அடங்கிய ஈ ஒன்று 1922 முதல் பாதுகாக்கப்பட்டு வந்தது. மலசலகூடங்களை அண்டி வாழும் இன்றைய ஈயின் இனமே அது. இந்த இனம் அத்தனை பழங்காலத்திலும் இருந்துள்ளது என்று ஜெர்மனிய அறிஞர் வில்லி ஹென்னிக் 1966 இல் எழுதினார். அவர் உலகம் மதித்த நிபுணர்.

1993 இல் உண்மை வெளிப்பட்டது. நூதனசாலையைச் சேர்ந்த அன்ட்ரூ ரொஸ் அதனை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு வெடிப்புத் தோன்றியது. யாரோ அம்பரை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் குடைந்து, சாதாரண ஈயை வைத்து மீண்டும் ஒட்டியிருந்தார்கள்! பெரிய பெயரும் பெரிய இடமும் ஒரு பொய்யை மெய்யாக்கி விடுவதில்லை என்பதற்கு இந்த ஈயே சாட்சி.

வாங்குமுன் கவனியுங்கள்

* பெரிய பூச்சி, இறக்கை விரித்தபடி மணியின் நட்டநடுவில் அழகாக இருந்தால் சந்தேகியுங்கள். உண்மையான அம்பரில் பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவுப் பூச்சிகளே கிடைக்கும்.
* பூச்சியைச் சுற்றி ஒட்டிய கோடு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள்.
* ஒரு கோப்பைத் தண்ணீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, கோக்காத மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பலவகைப் பிளாஸ்டிக்கும் அமிழும். ஆயினும் இளம் பிசினான கோபாலும் மிதக்குமாதலால் இது ஒன்றையே நம்பி முடிவெடுக்காதீர்கள்.
* வீட்டில் இருக்கும் அம்பரில் அத்தர், ஸ்பிரிட் பட விடாதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள்.

எந்தச் செய்தி வந்தாலும் தீர விசாரிக்கும்படி மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வியாபாரத்தில் குறையை மறைப்பதையும் அது தடுத்திருக்கிறது. கணவரோ மகனோ ஆசையோடு வாங்கி வரும் ஒரு மணிக்காக அவர்களின் உழைப்பு வீணாகாமலிருக்க, வாங்குமுன்னரே இவற்றை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.