பழவேற்காட்டுக் கரையில் மூக்குக்கண்ணாடியும் கான்டாக்ட் லென்சும்

சென்னைக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உவர்நீர் ஏரியுமாக அமைந்த பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில், உடலை அசைத்து உழைக்காத வேலை என்று ஒன்று அரிது. படகைத் தள்ளுவது, கழி ஊன்றுவது, வலை இழுப்பது, காவலர் தேர்வுக்காகக் கரையில் ஓடிப் பழகுவது ஆகிய எல்லாவற்றிலும் வியர்வையும் உப்புநீரும் முகத்தில் வழிந்தபடியே இருக்கும். கடையில் நாற்காலியில் அமர்த்தி அளவெடுத்துக் கொடுக்கப்படும் கண்ணாடியோ, அமர்ந்து படிப்பவருக்கும் கணக்கெழுதுபவருக்கும் ஏற்றதாகவே பெரும்பாலும் அமைகிறது. அது வேலையில் நழுவி விழும்போது கழற்றி வீட்டில் வைத்துவிடுவதும், மங்கலான பார்வையோடே கடலுக்குப் போவதும் இயல்பாகிவிடுகின்றன. இது அணிபவரின் அலட்சியத்தால் வரும் குறை என்று கொள்வது நியாயமாகாது. பவருக்குக் காட்டும் அக்கறையை அணிபவரின் தொழிலுக்கும் காட்டினால் பெருமளவு தீரக்கூடிய குறை இது.

பக்கவாட்டில் விழும் வெயில்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் கரையில் வாழ்பவரின் கண்ணில், வானிலிருந்து நேராக வரும் வெயிலோடு, நீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்தே விழுகிறது. புறஊதாக் கதிர் என்பது கண்ணுக்குப் புலப்படாத, ஆனால் தோலையும் கண்ணின் மேற்பரப்பையும் நாளடைவில் சிதைக்கின்ற சூரியக் கதிர். உலர்ந்த கடற்கரை மணல் அதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல் நுரை ஏறத்தாழ 25 விழுக்காட்டையும் திருப்பியனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

உச்சி வேளையில் புருவமும் இமையும் கண்ணுக்கு ஓரளவு நிழல் தருகின்றன. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் அந்த நிழல் கிடைப்பதில்லை. மேலும், இக்கடற்கரை வடக்குத் தெற்காக நீள்வதால், காலையில் இங்கே ஓடுபவருக்குச் சூரியன் முன்னால் நிற்காமல் பக்கவாட்டிலேயே நிற்கிறது. கருவிழியை மூடியிருக்கும் தெளிவான வளைந்த படலத்திற்குக் கார்னியா என்று பெயர். பக்கவாட்டில் வந்து விழும் ஒளியை அப்படலம் தன் மறுவிளிம்பில், அதாவது மூக்கை ஒட்டிய பகுதியில், குவித்துவிடுகிறது என்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1990களில் விளக்கினார். கடலோர மக்களிடம் அதிகம் காணப்படும் ‘கண்ணில் சதை வளர்தல்’, அதாவது வெள்ளைவிழியின் மேல்தோல் தடித்து முக்கோண வடிவில் கருவிழியின் மீது ஏறும் நிலை, பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே தொடங்குவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அச்சதை நடுப்பகுதியை நெருங்கிவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதன் பின்னும் திரும்ப வளரக்கூடும் என்பதால், முன்கூட்டியே தடுப்பதுதான் அறிவுடைமை.

எனவே இக்கரையில் ஓடுபவருக்கும் படகில் நிற்பவருக்கும், முன்னால் மட்டும் மறைக்கும் தட்டையான கண்ணாடியைவிட, நெற்றிப்பொட்டு வரை வளைந்து செல்லும் பிரேமே உகந்தது. அதோடு விளிம்பு அகன்ற தொப்பியும் வேண்டும். கண்ணாடியின் நிறம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பது ஒரு பொருட்டே அன்று. புறஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்துகொள்வதால் அது பாதுகாப்பதுபோல் தோன்றித் தீங்கே செய்யக்கூடும். ஆகவே ‘யுவி 400’ என்ற குறிப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குவது அவசியம். நீரின் மேல் மின்னும் கூச்சத்தைக் குறைப்பதற்கென்றே போலராய்டு கண்ணாடிகள் உள்ளன. அவற்றை அணிந்தவருக்கு ஏரியின் ஆழமற்ற இடங்களில் நீருக்கடியில் உள்ளது தெளிவாகத் தெரியும். ஆனால் செல்பேசி, ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றின் திரை சில கோணங்களில் இருண்டு தோன்றலாம் என்பதைப் படகோட்டி முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஓடும்போது கண்ணாடி

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். இந்த வேகத்தில் ஒவ்வோர் அடிக்கும் கண்ணாடி மூக்கில் எழும்பி விழுகிறது. வில்லையின் மையம் பாவைக்கு நேராக நிற்காதபோது, பவர் சரியாக இருந்தாலும் காட்சி ஆடுகிறது. எடை குறைந்த பிளாஸ்டிக் பிரேம், வழுக்காத ரப்பர் மூக்குத் தாங்கி, தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டை ஆகிய மூன்றும் இதைப் பெரிதும் தடுக்கின்றன. உலோகப் பிரேம் உப்புக் காற்றில் அரித்துப்போகும். வில்லை பாலிகார்பனேட் என்னும் எளிதில் உடையாத பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால், வலைக்கயிறு சுண்டினாலும் மீன்முள் தெறித்தாலும் அது சிதறிக் கண்ணுக்குள் போகாது.

கீழ்ப்பாதியில் கிட்டப் பார்ப்பதற்கான பவர் வைத்த இரட்டை வில்லைக் கண்ணாடியை ஓடும்போதும் படகில் ஏறும்போதும் அணியலாகாது. குனிந்து காலடியைப் பார்க்கையில் தரையும் படகின் விளிம்பும் மங்கலாகத் தெரிவதால், கால் தவறி விழ நேரும்.

உப்புத் துளி காய்ந்த வில்லையைச் சட்டை முனையால் துடைப்பது அதைக் கீறிப் பாழாக்கும் வழியாகும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, உப்பும் மணலும் போன பிறகே மென்துணியால் ஒற்ற வேண்டும்.

கான்டாக்ட் லென்சும் ஏரி நீரும்

கண்மேல் நேராகப் பொருந்தும் கான்டாக்ட் லென்ஸ், ஆடாது, வியர்வையில் வழுக்காது, பக்கப் பார்வையையும் மறைக்காது என்பதால், ஓடும் இளைஞரைக் கவர்வது இயல்பே. உலர்ந்த கரையில் மட்டும் ஓடி, கையை சோப்பால் கழுவித் துடைத்துப் போட்டு, அன்றே எறிந்துவிடும் ஒருநாள் லென்சைப் பயன்படுத்துபவருக்கு அது நல்ல வழிதான். ஓடி முடித்த வேகத்தில் ஏரியிலோ கடலிலோ இறங்குவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

மென் லென்ஸ் நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. அகாந்தமீபா என்னும் ஒற்றைச்செல் உயிரி நன்னீர், உவர்நீர், குழாய்நீர் அனைத்திலும் வாழக்கூடியது. லென்சுக்கும் கார்னியாவுக்கும் இடையே அது சிக்கிக்கொண்டால், நுண்ணிய கீறல் வழியே உட்புகுந்து கார்னியாவை அழிக்கத் தொடங்குகிறது. இந்நோய் அரிது, எனினும் தாங்கமுடியாத வலியையும் மாதக்கணக்கான மருத்துவத்தையும் தந்து, சிலருக்கு மாற்றுக் கார்னியா பொருத்தும் நிலை வரை கொண்டுபோகக்கூடியது. பழவேற்காட்டு ஏரியின் உப்புத்தன்மையும் பருவத்துக்கேற்ப மாறுகிறது: ஆரணியாறு முதலிய ஆறுகளில் மழைநீர் வரும்போது குறைகிறது, கோடையில் ஏறுகிறது. உப்புக் குறைந்த நீர் பட்டால் மென் லென்ஸ் கண்ணோடு இறுகி ஒட்டிக்கொள்ளும். அந்நேரத்தில் பிடுங்கி எடுத்தால் கார்னியாவின் மேல்தோலும் உரிந்து வரக்கூடும். லென்ஸ் சொட்டு மருந்தையோ மருந்தகத்தில் கிடைக்கும் உப்புக் கரைசலையோ விட்டுத் தளர்த்தி எடுத்து, அந்த லென்சை எறிந்துவிடுவதே முறை. லென்சுடன் தூங்குவதும், அதைக் குழாய்நீரில் கழுவி வைப்பதும் அறவே கூடா.

கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், லென்சைக் கழற்றி அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாட்டுச் சாறு எதையும் கண்ணில் விடக்கூடாது. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, சிவப்பைத் தணித்துவிட்டு உள்ளே புண்ணை வளரவிடும் என்பதால், மற்றவற்றைவிட அதுவே அஞ்சத்தக்கது.

நாற்பதுக்குப் பின் வலைக்கண்

நாற்பது வயதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழப்பதால் கிட்டத்துப் பொருள் மங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். எழுத்தே படிக்காதவருக்கும் இது வரும். தங்கூசி வலையின் நிறமற்ற இழையில் கிழிந்த கண்ணைத் தேடும்போதுதான் அவர் அதை உணர்கிறார். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவற்றில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தில், தமக்குரிய முறை வரும் நாளில் வலை தயாராக இல்லையெனில் அந்த நாளின் வருமானம் போகிறது. அசாமில் 40 வயது கடந்த தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்துப் பொருளைப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்து ஆராய்ந்தபோது, கண்ணாடி பெறாதவரைவிட அவர்களின் இலைபறிப்புத் திறன் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடியதாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. வலை பொத்துவதும் அதே வகையான கண்வேலைதான்.

கண்ணாடி எடுக்கப் போகும்போது, வலையைப் பிடிக்கும் தூரத்தைக் கைநீட்டிக் காட்டிச் சொல்ல வேண்டும். படிப்பதற்கான தூரத்தில் வைத்த பவர் மடிமேல் விரித்த வலைக்குச் சரிவராது போகலாம். வலைக்கு அடியில் கறுப்புத் துணி விரித்துக்கொண்டால் இழை எடுப்பாகத் தெரியும். ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையமும், சற்றுத் தொலைவில் பொன்னேரி அரசு மருத்துவமனையும் உள்ளன. சதை வளர்ச்சியோ கருவிழிப் புண்ணோ இருந்தால், 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் செல்லலாம். சீருடைப் பணிக்கு முயலும் இளைஞரோ, கண்ணாடி இல்லாத பார்வைக்கும் நிறக்குருட்டுக்கும் ஒவ்வொரு பணியும் வெவ்வேறு அளவு வைத்திருப்பதால், ஓட்டப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.