ஆரவாரப் படங்களும் நார்வேப் படங்களும்: ஓர் எளிய பார்வையாளர் நோக்கு

திரைப்படம் பற்றிக் கருத்துரைப்போர் இரு சாரார். கலைநுட்பங்களைக் கற்று, இயக்குநர்தம் வரலாறறிந்து, எடைபோட்டுப் பேசுவோர் ஒரு சாரார். நாள்முழுதும் உழைத்து, மாலையில் படம் ஒன்றைக் கண்டு, பிடித்தது பிடிக்கவில்லை என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்து வீடு திரும்புவோர் மறு சாரார். நாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர்கள். சோற்றின் சுவையறிய அடுக்களைப் பயிற்சி வேண்டுவதில்லை என்னும் உரிமை பற்றியே, உலகமெங்கும் ஓடும் பெருவசூல் படங்களையும், வடதுருவத்தை ஒட்டிய நார்வே என்னும் சிறுநாட்டின் படங்களையும் அருகருகே வைத்துக் காண முற்படுகிறோம்.

இவ்வொப்பீட்டிற்கு நாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. கதையில் ஓர் உயிர் போகுமாயின், படம் அதனை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்பதே அது.

1975இல் வந்த இரு படங்கள்

'பிளாக்பஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல், இரண்டாம் உலகப் போரில் ஒரே வீச்சில் தெருவொன்றின் கட்டடங்களையெல்லாம் தகர்க்கவல்ல பெருங்குண்டிற்கு வழங்கிய பெயராகும். பின்னர் அது பெருவெற்றி கண்ட படத்திற்கு ஆகிவந்தது. இதனை எவ்வகை ஆகுபெயருள் அடக்குவது என்பதை இலக்கணம் வல்லார்க்கே விட்டுவிடுகிறோம்.

இன்று நாம் அறியும் பொருளில் அச்சொல் வேரூன்றக் காரணமாயிற்று 1975 ஜூனில் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கி வெளிவந்த 'ஜாஸ்'. தொலைக்காட்சியில் விளம்பர மழை பொழிந்து, நானூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் திரையிட்டமை அக்காலத்தில் புதுமை. கடற்கரையூர் ஒன்றில் சுறாமீன் மனிதரைக் கொல்வதே கதை. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதுபட்டமையால் அதனை மறைத்து வைத்தே அச்சமூட்ட நேர்ந்தது என்பர். அப்பழுதே படத்திற்குப் பேறாயிற்று.

ஆனால் நம் நினைவில் நிற்பது சுறா அன்று. சிறுவன் ஒருவன் இறந்தபின், அவன் தாய் கறுப்புடை அணிந்து வந்து, ஆபத்தை அறிந்திருந்தும் கடற்கரையை மூடாது விட்ட காவல் தலைவரின் கன்னத்தில் அறைகிறாள். அவர் மறுமொழி கூறாது நிற்கிறார். அந்த ஓர் அறையால் அச்சாவு படம் முடியுந்துணையும் உடன் வருகிறது. ஆகவே ஆரவாரப் படங்களின் முன்னோடியே உயிரைக் கணக்கில் வைத்த படம் என்பதை முதலிலேயே ஒப்புதல் தகும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நார்வேயில் 'ஃப்ளோக்லிப்பா கிராண்ட் பிரீ' என்னும் பொம்மைப்படம் வெளிவந்தது. ஈவோ காப்ரினோ என்பார் சிறு குழுவொன்றை வைத்துக்கொண்டு, பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியது. மலையுச்சியில் வாழும் மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர், ஒரு பறவையும் ஒரு முள்ளெலியும் துணையாக, பந்தயக் கார் ஒன்றைக் கட்டுகிறார். அதற்குப் பணமுதவுபவர் எண்ணெய்வளம் மிக்க அரபுச் செல்வர்! நார்வே தன் கடலில் எண்ணெய் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. செல்வம் என்றால் இன்னும் கிழக்கு நோக்கியே கற்பனை ஓடியிருக்கிறது. அந்நாட்டின் மக்கள்தொகை அன்று ஏறத்தாழ 40 லட்சம். அப்படத்திற்கு விற்ற நுழைவுச்சீட்டுகளோ 50 லட்சத்திற்கும் மேல். ஒரே படம் முதல் வாரத்தில் ஊரெங்கும் பரவி வெல்வது ஒரு வகை. தாத்தா கண்டதைப் பேரனும் கண்டு வெல்வது இன்னொரு வகை.

நகராட்சியின் திரையரங்கு

இவ்வேறுபாட்டிற்கு அந்நாட்டின் அமைப்பும் ஒரு காரணம் எனலாம். 1913ஆம் ஆண்டுச் சட்டம் திரையரங்கு நடத்தும் உரிமத்தை வழங்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. பல நகராட்சிகள் உரிமத்தைப் பிறர்க்கு வழங்காது தாமே அரங்குகளை நடத்தலாயின. ஒஸ்லோ நகர அரங்குகளின் ஆதாயத்தைக் கொண்டே, ஓவியர் எட்வர்ட் முங்க்கின் படைப்புகளுக்கென 1963இல் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. மக்கள் சிரித்தும் அழுதும் செலுத்திய காசு ஓவியம் காக்கப் போயிற்று. அந்நகராட்சி தன் அரங்குகளை 2013இல் தனியார்க்கு விற்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தயாரிப்பிற்கோ அரசின் திரைப்பட நிறுவனம் வழியாக இன்றும் உதவி கிடைக்கிறது. சின்னஞ்சிறு மொழியில் எடுக்கும் படம் சந்தையை மட்டும் நம்பிப் பிழைப்பது அரிது. இவ்வுதவியால் உறக்கம் வரவழைக்கும் படங்களும் பிறப்பதுண்டு; அவற்றில் சிலவற்றைக் கண்டு நாமும் கண்ணயர்ந்திருக்கிறோம். ஆயினும் எல்லாரையும் மகிழ்வித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லாத இடத்தில்தான் சில முடிவுகளைத் துணிந்து எழுத இயலும்.

ஒரே கதை, இரு முடிவுகள்

அத்துணிவிற்குச் சிறந்த சான்று 'இன்சோம்னியா'. எரிக் ஷோல்ப்யார்க் 1997இல் நார்வேயில் இயக்கிய இப்படத்தை, 2002இல் கிறிஸ்டோபர் நோலன் ஹாலிவுட்டில் மீண்டும் எடுத்தார். முன்னதில் ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட், பின்னதில் அல் பசீனோ. கதை ஒன்றே. இளம்பெண் ஒருத்தியின் கொலையைத் துப்பறிய வடகோடி ஊருக்கு வந்த காவல் அதிகாரி, மூடுபனியில் கொலையாளி என்று கருதித் தம் கூட்டாளியையே சுட்டுவிடுகிறார். உண்மையை மறைக்கிறார். அதனைக் கண்டவன் கொலையாளி ஒருவனே. கோடையில் கதிரவன் மறையாத நாடு, இரவே இல்லை, அவர்க்கு உறக்கமும் இல்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. அந்நெறிக்கு இதைக்காட்டிலும் பொருந்திய திரையுதாரணம் நாம் கண்டதில்லை. சாளரத்தை எவ்வளவு அடைத்தாலும் ஏதேனும் ஒரு பிளவின் வழியே வெளிச்சம் உள்ளே வந்துவிடுகிறது. குற்றம் புரிந்தவனுக்கு இருட்டு ஒரு போர்வை. அப்போர்வையை அந்நாட்டுப் பொழுது பறித்துக்கொள்கிறது. இப்பகுதியில் இரு படங்களுமே சிறப்புடையன.

வேறுபாடு நுட்பமான இடங்களில் தெரிகிறது. சான்றைப் புரட்ட அதிகாரிக்கு வேறொரு தோட்டா தேவைப்படுகிறது; அதனை ஒரு நாயின் உடலில் செலுத்தி எடுக்கிறார். ஹாலிவுட் படத்தில் அந்நாய் முன்னரே செத்துக் கிடக்கிறது. நார்வேப் படத்தில் உயிருள்ள நாயை அவர் சுடுகிறார். இச்சிறு மாற்றத்தில் பெரும் உண்மை அடங்கியிருக்கிறது. பெருஞ்செலவில் எடுத்த படம், நாயகனை நாம் வெறுத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறது. அவ்வச்சத்தாலேயே முடிவையும் மாற்றுகிறது: அல் பசீனோ கொலையாளியோடு மோதிக் காயமுற்று, சான்றை மறைக்க முன்வரும் இளம்பெண் அதிகாரியைத் தடுத்து, தூய்மையடைந்தவராய் உயிர்விடுகிறார். நாம் ஆறுதலோடு எழுந்து வருகிறோம். நார்வேப் படத்திலோ, பெண் அதிகாரி தாம் கண்டெடுத்த தோட்டா உறையை அவர் முன் வைத்துவிட்டு அகல்கிறார். தண்டனை இல்லை, சாவும் இல்லை. செத்தவனைச் சுமந்துகொண்டு அவர் ஊர் திரும்புகிறார். எந்த முடிவு நீதியானது என்று எம்மைக் கேட்டால் ஹாலிவுட் முடிவு என்போம். எந்த முடிவு அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை என்று கேட்டால் விடை வேறு.

பேரழிவும் எண்ணிக்கையும்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை, அச்சம், பெருமிதம் ஆகிய மூன்றையே இன்றைய ஆரவாரப் படங்கள் பெரிதும் நம்பி வாழ்கின்றன. நகரங்கள் சரிவதும் கடல் பொங்குவதும் மருட்கைக்குரியன. மருளும் கண் எண்ணுவதில்லை. 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் வானளாவிய மாடங்கள் வரிசையாய் விழுகின்றன. உள்ளிருந்தோர் எத்தனை பேர் என யாரும் கேட்பதில்லை. இறுதியில் நாயகன் நாளிதழ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறான். பார்வையாளரின் முணுமுணுப்பு தயாரிப்பாளர் செவிக்கு எட்டியது போலும். 2016இல் வந்த அடுத்த படம் அதே அழிவைத் தரையில் நின்ற ஒருவன் கண்வழியே காட்டித் தொடங்கியது. 2018இன் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் அண்டத்து உயிர்களில் பாதி ஒரு சொடுக்கில் மறைந்தன. மறு ஆண்டுப் படத்தில் மீண்டும் ஒரு சொடுக்கில் திரும்பின. சாவைத் திருப்பிக்கொள்ளலாம் என்னும் உலகில் அழுகைக்கு இடம் ஏது?

பேரழிவுப் படம் எடுக்க நார்வேயினர்க்குத் தெரியாது என்பதில்லை. ரோவர் ஊத்தாவ் 2015இல் இயக்கிய 'பேரலை' அவ்வகையினதே. கைராங்கர் என்னும் அழகிய கடற்கால் பகுதியில், மலைப்பிளவு சரிந்து நீரில் விழ, எழும் அலை ஊரை நோக்கி வருகிறது. மக்கள் தப்பப் பத்து நிமிடமே உண்டு. இது வெறுங்கற்பனை அன்று. 1934 ஏப்ரலில் டாஃப்யோர்டில் பாறை சரிந்து எழுந்த அலையில் 40 பேர் மாண்டனர். படத்தில் வரும் ஓக்னெஸ் மலைப்பிளவு உண்மையிலேயே கருவிகளால் கண்காணிக்கப்பட்டு வருகிறது. அலை வருமுன் அவ்வூரின் தெருவையும் விடுதியையும் அங்குள்ளோர் முகத்தையும் படம் நமக்குப் பழக்கிவிடுகிறது. அலைக்குப் பின், நீர் நிறைந்த காப்பறையில், அச்சத்தால் வெறிகொண்ட ஒருவனிடமிருந்து மகனைக் காக்க, தாய் அவனை நீருள் அழுத்திக் கொல்ல நேர்கிறது. கொன்றவள் தாய், கொல்லப்பட்டவன் தீயவன் அல்லன், அஞ்சியவன். அக்காட்சியில் கைதட்ட எவர்க்கும் மனம் வாராது.

இவ்வகையில் இன்னும் கடுமையானது எரிக் போப்பே 2018இல் இயக்கிய 'ஊத்தயா, ஜூலை 22'. 2011இல், குடியேறியோர் மீதும் இசுலாமியர் மீதும் வெறுப்பூறிய ஒருவன், ஒஸ்லோவில் குண்டு வைத்து எட்டுப் பேரையும், பின் ஊத்தயா தீவில் முகாமிட்டிருந்த தொழிற்கட்சி இளைஞர் உள்ளிட்ட 69 பேரையும் கொன்றான். தீவில் துப்பாக்கி முழங்கிய நேரம் 72 நிமிடம். படமும் அந்த 72 நிமிடத்தை வெட்டின்றி ஒரே தொடர்காட்சியாய்க் காட்டுகிறது. தங்கையைத் தேடி ஓடும் பெண்ணோடு ஒளிப்பதிவுக் கருவியும் ஓடுகிறது. கொலைஞன் தொலைவில் ஒரு நிழலாய் மட்டும் தெரிகிறான். அவனுக்கு முகம் கொடுக்க இயக்குநர் மறுத்துவிட்டார். அதே ஆண்டில் பால் கிரீன்கிராஸ் ஆங்கிலத்தில் எடுத்த படமோ அவனது பேச்சிற்கும் வழக்கிற்கும் கணிசமான இடமளிக்கிறது. செய்தியறிய இரண்டாவது உதவும். ஆயினும் மாண்டோர்க்கு உரிய நேரத்தை மாண்டோர்க்கே தந்தது முதலாவது. இதனை மறுமுறை காண நமக்குத் துணிவில்லை.

இத்துணை சொல்லியும் நார்வேப் படமெல்லாம் நன்று, ஹாலிவுட் படமெல்லாம் தீது என்று முடிவுகட்டல் பிழையாகும். அதே ஊத்தாவ் 2022இல் எடுத்த 'ட்ரோல்' படத்தில் மலைப்பூதம் ஒன்று தலைநகரை நோக்கி நடக்கிறது. அதிலே ஹாலிவுட்டின் வாய்பாடுகள் அத்தனையும் மனப்பாடமாய் ஒப்பிக்கப்படுகின்றன. நாமும் நொறுக்குத்தீனியோடு மகிழ்ந்தே கண்டோம்.

நாற்காலியில் அமர்ந்தவர்

புதிதாய்ப் பார்க்க விழைவோர் எதில் தொடங்கலாம் என்று வினவினால், பென்ட் ஹாமர் 2003இல் இயக்கிய 'சமையலறைக் கதைகள்' என்போம். 1950களில் சுவீடன் ஆய்வாளர்கள், தனித்து வாழும் நார்வே ஆடவர் அடுக்களையில் எவ்வாறு நடமாடுகின்றனர் என்று குறிப்பெடுக்க வருகின்றனர். எல்லையைக் கடந்ததும் வண்டிகளெல்லாம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறுகின்றன. சுவீடனில் 1967 வரை இடப்பக்கமே வழக்கு. ஆய்வாளர் அடுக்களை மூலையில் உயர்ந்த நாற்காலி இட்டு அமர வேண்டும்; பேசலாகாது; உதவலாகாது. குதிரை தருவதாகச் சொன்னதை நம்பி இசைந்த கிழவர் ஐசாக்கிற்குக் கிடைத்தது சிவப்பு மரப்பொம்மைக் குதிரை. சினந்த அவர் அடுக்களையைப் புறக்கணித்து, மேல்தளத்தில் துளையிட்டு, தம்மை நோக்க வந்த ஃபோல்கேவைத் தாம் நோக்கலாகிறார். ஒரு நாள் புகையிலை தீர்ந்துபோக, நாற்காலியிலிருப்பவர் தம்முடையதை நீட்டுகிறார். விதி அங்கே உடைகிறது.

குண்டில்லை, அலையில்லை, பூதமில்லை. படத்தின் இறுதியில் ஒரு சாவு உண்டு. அதுவும் திரையில் காட்டப்படுவதில்லை. ஐசாக்கின் வீட்டு அடுக்களையில் இப்பொழுது ஃபோல்கே இருக்கிறார், உயர்ந்த நாற்காலியில் அன்று, அடுப்பருகே.