கண்ணாடியில் ஒட்டும் கண்காணா நீர்



மாத்திரைப் போத்தலைத் திறந்தால் சில வேளைகளில் உள்ளே ஒரு சிறு பொட்டலம் கிடக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். குலுக்கினால் கற்கண்டுத் துகள்போல் சலசலக்கும். அது எதற்கு? இதற்கு விடை காண, முதலில் உங்கள் வீட்டுக் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கையில் எடுங்கள்.

குவளையைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டீர்கள். தொட்டால் ஈரமில்லை. ஆயினும் அதன்மேல் நீர் இருக்கிறது! காற்றில் கலந்துள்ள நீராவியின் மூலக்கூறுகள் கண்ணாடியில் வந்து ஒட்டி, மிக மெல்லிய படலமாகப் படிந்துள்ளன. எவ்வளவு மெல்லியது? நீர் மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 1 சென்டிமீட்டர் உயரம் காண, ஏறத்தாழ மூன்றரைக் கோடி மூலக்கூறுகள் வேண்டும். குவளையில் இருப்பதோ சில அடுக்குகளே. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவை ஏன் ஒட்டுகின்றன? கண்ணாடி மணலிலிருந்து செய்யப்படுவது. மணலில் இருப்பது சிலிக்கன் என்னும் தனிமத்தின் ஆக்சைடு. கண்ணாடியின் மேற்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர் மூலக்கூறிலும் இதே இரண்டும் உண்டு. ஆகவே ஒன்றையொன்று கவர்ந்து பிடித்துக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பஞ்சு நீரைக் குடிப்பது உறிஞ்சுதல். அது உள்ளே புகுவது. இதுவோ மேலே ஒட்டுவது மட்டுமே.

வேலைக்கு ஆளேற்றும் லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்து இருக்கைகளில் அமர்கிறார்கள். சிலர் இறங்குகிறார்கள், வேறு சிலர் ஏறுகிறார்கள். கூட்டம் மிகுந்தால் நின்றுகொண்டும் வருவார்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் கண்ணாடியிலும் அடுக்குகள் கூடுகின்றன. சூடேற்றினால் மூலக்கூறுகள் இறங்கி ஓடிவிடுகின்றன.

இந்த உண்மையை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர். மின்விளக்குகள் உட்புறம் கறுத்துப்போவதேன் என்று அவர் ஆராய்ந்தார். காற்றை வெளியேற்றிய பின்னும் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிறிதளவு நீராவி, சூடான டங்ஸ்டன் இழையை அரித்து, அந்த உலோகத்தைச் சுவரில் கொண்டுபோய்ப் படியவிட்டது! மேற்பரப்பு வேதியியலில் செய்த ஆய்வுகளுக்காக 1932ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் பொட்டலத்துக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கா ஜெல். கண்ணாடியின் உறவினர்தான், ஆனால் உள்ளெல்லாம் கண்காணாத நுண்துளைகள். அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால், 1 கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர் பரப்பு வரும். பூப்பந்தாட்டக் களம் ஒன்றே ஏறத்தாழ 82 சதுர மீட்டர்தான்! அத்தனை பரப்பிலும் நீராவி ஒட்டிக்கொள்வதால் மாத்திரைகள் ஈரம் படாமல் தப்புகின்றன. ஆகவே அப்பொட்டலத்தை எடுத்து எறியாதீர்கள். குழந்தைகளிடமும் கொடுக்காதீர்கள், விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரை சில வீடுகளில் இருக்கும். கிளிசெரில் டிரைநைட்ரேட் என்பது அதிலுள்ள மருந்து. அதுவே ஆவியாகும் தன்மையுடையது. கண்ணாடிப் போத்தலில் அந்த ஆவி உள்ளே புக வழியில்லை. பிளாஸ்டிக் டப்பாவிலோ, பஞ்சிலோ, தாளிலோ வைத்தால், ஆவி அவற்றுக்குள் புகுந்துவிடும். மாத்திரை பார்வைக்கு அப்படியே இருக்கும், மருந்து குறைந்துபோயிருக்கும். வலி வரும் வேளையில் அது கைகொடுக்காது.

ஆகவே, வீட்டுப் பெரியவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அம்மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். கொடுத்த போத்தலிலேயே வைத்து, மூடியை இறுக மூடுங்கள். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். எத்தனை வாரத்தில் புதிது வாங்க வேண்டும் என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லாதது அல்ல, நேயர்களே.