ராஸ்தாப் பலகைகளைச் சேதப்படுத்துவோருக்குரிய தண்டனைகள்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் ராஸ்தாவில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் விடியற்காலையில் இவ்வழியே மேலே சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்புகின்றன. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் உள்ளது புலப்படாது. முன்னே வளைவு இருக்கிறதென்று அச்சமயம் வண்டியோட்டிக்கு அறிவிப்பது வெளிச்சம் பட்டு மின்னும் ஒரு தகரப் பலகையே. பழகிய வண்டியோட்டிக்குப் பலகை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ முதன்முறையாக வரும் லாரிக்காரர் பழகியவர் அல்லர். அவர் வளைவில் வழி தப்பினால், எதிரே வரும் ஜீப்பிலுள்ளவர்கள் பழகியவர்களாயிருந்தும் பயனில்லை.

இப்பலகைகளை இரும்பு விலைக்காகப் பெயர்த்தெடுப்பதும், கல்லெறிந்து நெளிப்பதும், அவற்றின்மேல் விளம்பரத்தாள் ஒட்டுவதும் அற்பக் குறும்பு என்றே பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை.

1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு நீங்கி, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சம்ஹிதை அமலில் இருந்து வருகிறது. அதன் 303-வது பிரிவின்படி சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்து, முதல்முறை அகப்பட்டவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனையாகும். ஒரு பலகை என்ன விலை பெறும் என்று இச்சலுகையை நம்பியிருப்போர் 305-வது பிரிவையும் கேட்டறிவது நலம். சர்க்கார் சொத்தையோ ஸ்தல ஸ்தாபனத்தின் சொத்தையோ திருடினால் 7 வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அப்பிரிவில் பொருளின் விலையைப் பற்றிய பேச்சே இல்லை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ அதை வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரரும் 317-வது பிரிவின்படி 3 வருஷம் வரை தண்டனைக்குள்ளாவார். அம்புக்குறி தீட்டிய தகரம் யாருடையதென்று தெரியாது எனக் கோர்ட்டில் சொல்வது எளிதன்று.

திருடாமல் உடைத்துவிட்டுப் போகிறவனுக்கு 1984-ஆம் வருஷத்துப் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 5 வருஷம் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் முக்கியமாய் அறியவேண்டியது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்தின் 116-வது பிரிவு. வேண்டுமென்றே பலகையை அகற்றுவதையும், மாற்றுவதையும், உருக்குலைப்பதையும் அது தடை செய்கிறது. தற்செயலாக இடித்து, பலகை பயனற்றுப் போனால், கூடிய சீக்கிரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீஸ் அதிகாரியிடமோ ஸ்டேஷனிலோ தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. மூட்டை ஏற்றிய வண்டி வளைவில் பின்வாங்கும்போது கம்பத்தில் மோதுவது எவருக்கும் நேரக்கூடியதே. பயந்து, இருட்டோடு இருட்டாக வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்வதுதான் தவறு. அன்றிரவு அவ்வழியே வருபவனுக்குப் பலகை விழுந்தது தெரியாது.

1996-இல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், ஒரு சந்திப்பில் ‘நில்’ என்னும் பலகை விழுந்து கிடந்தது. நிற்காமல் சென்ற மோட்டாரில் லாரி மோதி 3 வாலிபர்கள் இறந்தனர். பொழுதுபோக்காகப் பலகைகளைத் திருடி வந்த மூவர், வேறு பலகைகளை எடுத்ததை ஒப்புக்கொண்டனர். இந்தப் பலகையைத் தொடவில்லை என்றனர். 1997-இல் அவர்களுக்கு ஆளுக்கு 15 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. 2001-இல் மேல்கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் சில வருஷங்களை அவர்கள் சிறையிலேயே கழித்துவிட்டனர்.

மலைப்பாதையில் பலகை காணாமற் போயிருப்பதையோ சாய்ந்திருப்பதையோ காண்பவர் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து தெரிவிக்கலாம். எத்தனையாவது வளைவு, ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொன்னால், வருகிறவர்கள் பனியில் இடந்தேடி அலைய வேண்டியிராது.