உறுமும் ஸ்பீக்கரும் கழற்றப்பட்ட மூன்றாவது பின்னும்

ஹோம் தியேட்டரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத உறுமல் கேட்டால் அதற்கு ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். பிளக்கின் மேலே இருக்கும் பெரிய பின்னைக் கழற்றிவிடு, அல்லது எர்த் இல்லாத ஜங்ஷன் பாக்ஸில் செருகு. பல வீடுகளில் சத்தம் உடனே நின்றும்விடும். வினையே அங்கேதான் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறினால் அதைத் தரைக்குக் கொண்டுபோக இருந்த வழியை நாமே அடைத்துவிட்டோம். பிறகு என்றாவது உள்ளே காப்பு உருகி ஃபேஸ் ஒயர் பாடியைத் தொட்டால் ஃப்யூஸ் போகாது, எம்.சி.பி. விழாது. பாட்டு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். ஈரக்கையோடு வால்யூமைத் திருக வருகிறவர் வழியாகத்தான் அந்தக் கரண்ட் தரைக்கு இறங்கும்.

உறுமல் வந்தால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வால்யூமை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சத்தமும் கூடிக் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால் இருக்கிறது: டிவி, செட் டாப் பாக்ஸ், லேப்டாப், அல்லது அவற்றை இணைக்கும் ஒயர். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் உறுமல் அப்படியே இருந்தால், எல்லா ஆடியோ ஒயர்களையும் பிடுங்கிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் நோய் ஆம்ப்ளிஃபயருக்குள்தான். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லாமல் பெட்டியே ரீங்கரித்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. எரிச்சலூட்டுமே தவிர, சூடும் கருகல் வாடையும் இல்லாதவரை பயப்பட வேண்டியதில்லை.

உறுமலின் சுருதியும் துப்புக் கொடுக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் முனகுவது போன்ற 50 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் பெரும்பாலும் ஒயரிங்கோ எர்த்தோ காரணம். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கேட்டால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் பகுதியில் கண்டன்சர் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பல வருடம் உழைத்த அசெம்பிள் செட்டுகளில் இது சகஜம். மாற்றுவது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்கள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், நாம் மூடியைத் திறக்கக் கூடாது. உறுமலாக இல்லாமல் ‘ஜிர்ர்’ என்று கரகரத்தால் ஃபேன் ரெகுலேட்டர், லைட் டிம்மர், மலிவு சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கத்துகிறதா? அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். செட்டின் மேல் பழி போட வேண்டாம்.

வீட்டு உறுமல்களில் பெரும்பகுதி எர்த் லூப் எனப்படும் வளையத்தால் வருவது. ஆம்ப்ளிஃபயர் தன் மூன்று பின் பிளக் வழியாக உங்கள் வீட்டு எர்த்தில் நிற்கிறது. செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரின் வெளிப்பின்னலோ தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே, இரண்டையும் இணைத்துக் கிடக்கும் ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியே கரண்ட் ஓடும். அந்தக் கரண்டைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கி உறுமலாகத் தருகிறது. கேபிள் டிவி ஒயரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டான்.

வளையத்தை அறுக்கத்தான் வேண்டும். ஆனால் அறுக்கும் இடம் சிக்னல் ஒயர். கரண்ட் ஒயர் அல்ல. டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் அதில் ஒளி மட்டுமே போகிறது. செம்பு இல்லை, வளையமும் இல்லை. அந்த வசதி இல்லாத செட்டுக்கு ஆடியோ ஒயரின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கிடைக்கிறது. கேபிள் டிவி ஒயருக்கும் தனி ஐசொலேட்டர் உண்டு. எதையும் வாங்கும் முன், எல்லாக் கருவிகளையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். சில வீடுகளில் அதுவே போதும். ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் அதன் பின்னால் தொங்கும் மெல்லிய கிரவுண்ட் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. எர்த் ஒயர் இழுக்காத பழைய வீட்டில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். டெஸ்ட் விளக்கு பளிச்சென்று எரியும், எர்த் இருப்பதாகவே தோன்றும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த சாக்கெட்டில் மாட்டிய பொருளின் பாடி முழுக்க ஃபேஸ் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் சுருக்கென்கிறது, டெஸ்டர் மினுக்குகிறது என்றால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு எர்த்தைச் சோதியுங்கள். மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடானால், புது ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் முதலில் அதைப் போடச் சொல்வேன்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? நீங்கள் வாடகைக்கு இருந்தால், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வேலைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பாடு. வீட்டின் உள், வெளி ஒயரிங் உரிமையாளர் பாடு. ஆகவே எர்த் ஒயரே இல்லை என்பது உங்கள் தலையில் விழ வேண்டிய செலவல்ல. வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

மின் இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நுகர்வோருக்கு எர்த் முனை தந்து பராமரிப்பது மின் விநியோகம் செய்பவரின் கடமை என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். தெருவில் நியூட்ரல் தளர்ந்து விளக்குகள் மங்கிப் பிரகாசித்தால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ புகார் மைய எண் 94987 94987-இல் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் முடிவும் திருப்தி தராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2003 மின்சாரச் சட்டமே தரும் வழி இது.

புதிதாக வாங்கிய செட்டே உறுமினால் கடைக்காரர் இரண்டு பதில் வைத்திருப்பார்: “உங்க வீட்டு எர்த் சரியில்லை”, “இந்த மாடலே அப்படித்தான்”. முதல் பதிலை முறியடிக்க, ஆடியோ ஒயர் எதுவும் இல்லாமல், வேறொரு வீட்டிலோ அந்தக் கடையிலேயோ ஓடவிட்டு வீடியோ எடுங்கள். இரண்டாவது பதிலை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், பேச்சு அங்கேயே மாறும். மாறாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. குறை தோன்றி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறையென்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பில் இல்லாமல் வாங்கிய செட்டுக்கு இவ்வளவையும் நிரூபிப்பது பெரும்பாடு; வரியை மிச்சப்படுத்தக் கடைக்காரர் சொல்லும் யோசனைக்குத் தலையாட்டாதீர்கள்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய ‘ஸ்ஸ்’ எந்த ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கும். அதற்கு ஆணையத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.